மிக்கோஸ் போட்ட ஓடு

இங்கிலீஷில் ‘ஆஸ்ட்ரசைஸ்’ என்றொரு சொல் உண்டு. ஒருவரை ஒதுக்கி வைப்பது என்று அர்த்தம். ஆபீஸில் நாலு பேர் சேர்ந்துகொண்டு ஐந்தாவது ஆளைச் சாப்பிடக் கூப்பிடாமல் போனால் அதற்கும் இந்தச் சொல்லைத்தான் இழுக்கிறார்கள். கேட்டால் பற்றிக்கொண்டு வருகிறது. வலுத்தவர்கள் கூட்டு சேர்ந்து இளைத்தவனை ஓரங்கட்டுவதற்கா அந்தச் சொல் பிறந்தது? அது பிறந்த ஏதென்ஸில் விஷயம் நேர் தலைகீழ். தலைகனத்துப் போன பெரிய மனிதன் ஒருவனை, ஊரிலுள்ள சாதாரணர்கள் ஒன்றுகூடிப் பத்து வருஷம் வெளியே அனுப்புவதற்குத்தான் அந்தப் பெயர். கத்தி வேண்டாம், ரத்தம் வேண்டாம். கையில் ஓர் ஓஸ்த்ரகோன் இருந்தால் போதும். சிப்பியின் ஓட்டுக்கும் அந்தப் பெயர்தான், உடைந்த பானையின் ஓட்டுக்கும் அந்தப் பெயர்தான். குப்பைமேட்டில் குனிந்தால் யார் கைக்கும் கிடைக்கும்.

மிக்கோஸின் கைக்கு அது குப்பைமேட்டிலிருந்து வரவில்லை. அவன் வீட்டு அடுப்படியிலிருந்து வந்தது.

குயவர் பேட்டையில், நகரவாசலுக்குப் பக்கத்துச் சந்தில் பிறந்தவன் அவன். களிமண் வெட்டியவனின் மகன். மிக்கோஸ் என்றால் சின்னவன். பெயர் வைத்தவர்கள் அவன் தோளைப் பார்க்காமல் வைத்துவிட்டார்கள். பதினெட்டு வயதில் போர்க்கப்பலில் துடுப்புப் போடப் போனான். கீழ்த்தட்டு அவனுக்கு. மேலே உட்கார்ந்திருப்பவனின் வியர்வை தலையில் சொட்டும், சில நாள் வேறு ஏதாவதும் சொட்டும். சலாமிஸ் ஜலசந்தியில் பாரசீகக் கப்பல்களை மோதி உடைத்தபோது அவன் அந்தக் கீழ்த்தட்டில்தான் இருந்தான். எதிரியின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. முதுகும் முழங்கையும் மட்டும்தான் பார்த்தான்.

வாய் சும்மா இருக்காது. ஒருமுறை நடுக்கடலில், தண்ணீர் மேல்தட்டுக்காரர்களுக்கு முதலில், கீழ்த்தட்டுக்குக் கடைசியில் என்று கப்பல் தலைவன் சொல்லிவிட்டான். மிக்கோஸ் துடுப்பை உள்ளே இழுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

“என்னடா?” என்றான் தலைவன்.

“எங்களுக்குக் கடைசின்னா கப்பலும் கடைசியில வரட்டும்யா. எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்ல” என்றான்.

அன்றைக்குத் தண்ணீர் கீழிருந்து மேலே போனது. அதற்குப் பிறகு இரண்டு வருஷம் எந்தத் தலைவனும் அவனை முதல் ஆளாகச் சேர்த்துக்கொள்ளவில்லை. கடைசி ஆளாகத்தான் சேர்த்தார்கள். தோள் அப்படி.

கப்பல் வேலை கோடையோடு சரி. குளிர்காலம் வந்தால் கப்பல்களைக் கரையேற்றிவிடுவார்கள், கூலியும் கரையேறிவிடும். அந்த மாதங்களில் அவனுக்கு இரண்டு கதவுகள்தான் இருந்தன. ஒன்று அவன் மனைவி லிசில்லாவின் அண்ணன் கித்தோஸின் சூளை. அங்கே மண் மிதிப்பான். இன்னொன்று ஃபிலாக்ரோஸின் வாசல். ஃபிலாக்ரோஸ் ஆலிவ் தோப்பும் பார்லி வயலும் எல்லை தெரியாமல் வைத்திருந்தவன். தன் பேட்டை ஏழைகளுக்கு வாசலில் தினமும் ஒரு பெரிய பானை பார்லிக் கஞ்சி வைப்பான். தர்மவான் என்று ஊரே சொல்லும். அவன் காதில் விழும்படி சொல்லும்.

கித்தோஸின் சூளையும் ஒரு வகையில் பெரிய மனிதனைத்தான் நம்பி இருந்தது. கப்பல் முதலாளி நௌசோன் அவனிடம்தான் தானிய ஜாடிகள் வாங்குவான். போர்க்கப்பல் ஒன்றையும் நௌசோன் தன் செலவில் நடத்திவந்தான்; மிக்கோஸ் கோடையில் துடுப்புப் போடுவது அதில்தான். கருங்கடலிலிருந்து வரும் கோதுமையில் பாதி நௌசோனின் மண்டியில்தான் இறங்கும். சபையில் அவன் எழுந்து பேசினால் ‘ஏழை மக்களின் குரல்’ என்பார்கள். ஃபிலாக்ரோஸும் நௌசோனும் எதிரும் புதிருமாக இருந்தார்கள். ஒருவன் நிற்கும் தெருவில் இன்னொருவன் தும்மக்கூட மாட்டான்.

அந்த இரண்டு கதவுகளும் ஒரே குளிர்காலத்தில் மூடிக்கொண்டன. சபையில் ஒரு தீர்மானத்தில் பேட்டைக்காரர்கள் தனக்கு எதிராகக் கைதூக்கிவிட்டார்கள் என்று ஃபிலாக்ரோஸுக்குக் கோபம். கஞ்சிப் பானையைக் கவிழ்த்து வைத்துவிட்டான். அதே மாதம் நௌசோன் மண்டியைப் பூட்டினான், விலை ஏறட்டும் என்று. சூளையில் ஜாடிக்கு வேலையில்லை. லிசில்லாவுக்கு அப்போது கைக்குழந்தை. மெலிட்டா என்று பெயர், தேனீ என்று அர்த்தம். தாய்க்குச் சாப்பாடு இல்லை, பால் வற்றிவிட்டது. தேனீ ஒன்றும் கொட்டவில்லை, சத்தமும் போடவில்லை. கடைசி மூன்று நாள் அழக்கூடத் தெம்பில்லை. அப்படியே போய்விட்டது.

சின்னக் குழந்தைகளைப் பானையில் வைத்துத்தான் புதைப்பார்கள். கித்தோஸ் நல்ல ஜாடி ஒன்றைக் கொடுத்தான். வாய் குறுகல். அதனால் ஜாடியின் கழுத்தைத் தானே அறுத்து எடுத்துவிட்டு, குழந்தையை உள்ளே வைத்தான். அறுத்த கழுத்து தரையில் கிடந்தது. லிசில்லா அதைக் குனிந்து எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். அடுப்படியில் சூடான பானையை இறக்கி வைக்கும் பிரிமணையாக அது அன்றிலிருந்து இருந்தது.

அடுத்த குளிர்காலத்தின் கடைசியில்தான் சபை கூடி, இந்த வருஷம் ஓடு போடலாம் என்று முடிவு செய்தது. யாரை அனுப்புவது என்று சபையில் பெயர் சொல்ல மாட்டார்கள். அவரவர் ஓட்டில் அவரவர் எழுத வேண்டியதுதான். ஆறாயிரம் ஓடு சேர்ந்தால், அதிகம் பேர் எழுதிய பெயருக்கு உரியவன் பத்து நாளில் மூட்டை கட்ட வேண்டும். சொத்து போகாது, மரியாதை போகாது. ஆள் மட்டும் பத்து வருஷம் கண்ணில் படக்கூடாது. இந்தத் தடவை போட்டி யாருக்கும் யாருக்கும் என்பது சந்தைக் கழுதைக்கும் தெரியும்.

நௌசோனின் ஆட்கள் சூளைக்கு வந்தார்கள். உடைந்த கிண்ணங்களின் அடிப்பாகம் வேண்டும், எல்லாம் கறுப்புப் பளபளப்புப் பூசியதாக, வட்டமாக. எல்லாவற்றிலும் ஃபிலாக்ரோஸின் பெயரையும் அவன் அப்பன் பெயரையும் கீறித் தர வேண்டும். ஓடு போடும் அன்றைக்கு எழுத்துத் தெரியாதவர்களுக்குச் சந்தை வாசலில் நின்று கொடுப்பார்களாம். எழுதச் சோம்பல்படுகிறவர்களுக்கும். மண் மிதித்துக்கொண்டிருந்த மிக்கோஸின் கையில் கித்தோஸ் ஓர் ஆணியைக் கொடுத்து, பார்த்து எழுத மாதிரி ஒன்றையும் வைத்தான்.

“அழகாக் கீறு மாப்ள. கோழி கெளறின மாதிரி இருக்கு.”

“கோழி கெளறினா புழுவாவது கெடைக்கும் மச்சான். எனக்கு என்ன கெடைக்கும்?”

“சூளை எரியும். கப்பல்ல எடம் நிக்கும். போதாதா? வாய மூடிக்கிட்டுக் கீறு.”

“கையாலதானே கீறுறேன். வாய் சும்மாதானே இருக்கு.”

கூடை கூடையாகக் கீறினான். கீறிக் கீறி எழுத்து கைக்கு வந்துவிட்டது. கடைசியில் கித்தோஸ் ஒரு கறுப்பு ஓட்டை எடுத்து அவன் கையில் வைத்து, இது உனக்கு என்றான்.

ஓடு போடப்போகிறார்கள் என்றதும் ஃபிலாக்ரோஸின் பானை மறுபடி நிமிர்ந்துவிட்டது. சாயங்காலம் கஞ்சி வாங்க அவன் வாசலுக்குப் போனால் அங்கே வேறு கதை. கணக்குப்பிள்ளை கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான். கஞ்சியை ஊற்றும் முன் ஒவ்வொருவன் கையிலும் ஒரு சிவப்புக் கூரை ஓட்டுத் துண்டைத் திணித்தான். நௌசோனின் பெயர் கீறியிருந்தது.

“ரெண்டு கரண்டி வாங்குறவன் யாரை அனுப்பணும்னு தெரியும்ல?” என்றான்.

“கஞ்சி உள்ள போனாத்தான்யா பேரு ஞாபகத்துக்கு வரும். ஊத்துங்க” என்றான் மிக்கோஸ்.

“வாசல்ல எங்க ஆளு நிப்பான். செவப்பாப் போடுறவன் எவன்னு பாத்துக்கிட்டே இருப்பான்.”

அதுதான் சூட்சுமம். எழுத்து தெரியாதபடி ஓட்டைக் கவிழ்த்துக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். யார் யாரை எழுதினார்கள் என்று யாருக்கும் தெரியக்கூடாதாம். ஆனால் கறுப்பு என்றால் நௌசோன் கொடுத்தது, சிவப்பு என்றால் ஃபிலாக்ரோஸ் கொடுத்தது. கவிழ்த்தால் என்ன, நிமிர்த்தினால் என்ன. ஏழையின் கையில் சட்டம் வந்து சேருவதற்குள் இப்படித்தான் அதன் பல்லைப் பிடுங்கிவிடுகிறார்கள்.

மிக்கோஸ் வீட்டுக்கு வந்து இரண்டு ஓடுகளையும் அடுப்புத் திட்டில் வைத்தான். கறுப்பு ஒன்று, சிவப்பு ஒன்று. லிசில்லா கஞ்சியைப் பானையிலேயே கிண்டிக்கொண்டிருந்தாள்.

“நாளைக்கு எதை எடுத்துக்கிட்டுப் போறே?”

“கறுப்பைப் போட்டா கஞ்சி போச்சு. செவப்பைப் போட்டா உங்கண்ணன் சூளையும் போச்சு, கப்பலும் போச்சு. நீயே சொல்லு.”

“போன குளிருக்கு ரெண்டு பேருமே கதவை அடச்சானுங்களே. அப்ப ஓடு குடுத்திருந்தா யாரு பேரை எழுதியிருப்பே?”

அவன் சிவப்பு ஓட்டைத் தூக்கிக் கறுப்பின் மேல் வைத்தான், திரும்ப எடுத்தான்.

“என்னய்யா, கப்பல்ல அவ்வளவு பேசுவியாம். இங்க வாய்ல என்ன, களிமண்ணா?”

“என்னடி பண்ணச் சொல்றே? பேரு ரெண்டுதான் இருக்கு.”

“யாரு சொன்னா ரெண்டுன்னு?” கரண்டியை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். “பொம்பளைன்னு என்னைத்தான் ஓடு போடுற வேலிக்குள்ள விடமாட்டானுங்க. விட்டா நான் எழுதுற பேரே வேற. வருஷா வருஷம் குளிருக்கு வந்து நம்ம வீட்டுல சட்டமா உக்காந்துக்கிறானே, அவன் பேரு. எம் பொண்ணத் தூக்கிக்கிட்டுப் போனானே, அவன் பேரு.”

சொல்லிவிட்டு, பானைக்கு அடியில் இருந்த பிரிமணையை உருவினாள். அந்த ஜாடிக் கழுத்தை. அம்மிக்கல்லை எடுத்தாள். மிக்கோஸ் “ஏய், ஏய்” என்று எழுந்திருப்பதற்குள் ஓங்கி ஒரு போடு. மூன்று துண்டாகப் போனது. உள்ளங்கை அகலத் துண்டு ஒன்றை எடுத்து அவனிடம் நீட்டினாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

“இதுல எழுதுய்யா. ஊரு முன்னாடி போடு.”

ஆணியை எடுத்து உட்கார்ந்தான். ஃபிலாக்ரோஸின் பெயரைக் கூடைக் கணக்கில் கீறிய கைக்கு வேண்டிய எழுத்தெல்லாம் தெரிந்திருந்தது. ஒன்றுதான் குறைந்தது, ‘ம்’. அது மிக்கோஸ் என்ற அவன் சொந்தப் பெயரின் முதல் எழுத்து. அது எப்போதோ தெரியும். ‘லிமோஸ்’ என்று எழுதினான். கிரேக்கத்தில் பசி என்று அர்த்தம்.

பானை சாயாமலிருக்க லிசில்லா கறுப்பு ஓட்டையும் சிவப்பு ஓட்டையும் அடியில் முட்டுக் கொடுத்தாள். இரண்டு கட்சியும் அன்றைக்குத்தான் அந்த வீட்டுக்கு ஒரு உபகாரம் செய்தன.

மறுநாள் காலை சந்தைவெளியைச் சுற்றிப் பலகை வேலி. பத்து வாசல். ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு வாசல். மிக்கோஸின் வாசலில் ஓடுகளை வாங்கிக்கொள்ளும் எழுத்தன் ஒருவன் கூடையோடு உட்கார்ந்திருந்தான். ஒரு பக்கம் ஃபிலாக்ரோஸின் கணக்குப்பிள்ளை, இன்னொரு பக்கம் நௌசோனின் ஆட்களோடு கித்தோஸ். வரிசை நகர நகரக் கறுப்பும் சிவப்பும் கூடையில் விழுந்துகொண்டிருந்தன. மிக்கோஸ் கையை நீட்டியதும் இரண்டு பக்கமும் கழுத்தை நீட்டினார்கள்.

“என்னடா இது? கறுப்பும் இல்ல, செவப்பும் இல்ல?” என்றான் கணக்குப்பிள்ளை.

“மண்ணு நெறம்யா. பாத்ததில்லையா?”

“மாப்ள, நான் குடுத்தது எங்க?” என்றான் கித்தோஸ் பல்லைக் கடித்துக்கொண்டு.

“பானைக்கு முட்டுக் குடுத்திருக்கா உன் தங்கச்சி. நல்லா நிக்குது மச்சான்.”

பின்னாலிருந்தவர்கள் சிரித்தார்கள். “கவுத்துக் குடுத்துட்டுப் போப்பா” என்றான் எழுத்தன் அலுப்போடு. அப்படியே கொடுத்திருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். மிக்கோஸ் கவிழ்க்கவில்லை. ஓட்டை நிமிர்த்தித் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தான்.

“படிக்கத் தெரிஞ்சவன் படி!”

எழுத்தன்தான் படித்தான். “பசி” என்றான். பிறகு சிரித்தான். “இது ஒரு பேரா? அப்பன் பேரு எங்க? அப்பன் பேரும் ஊரும் இல்லாம யாரை வெளிய அனுப்புறது?”

“அப்பன் பேருதானே? இவனுக்கு ரெண்டு அப்பன். ஒருத்தன் மண்டியைப் பூட்டிக்கிட்டு வெலை ஏறட்டும்னு உக்காந்திருந்தான். இன்னொருத்தன் கஞ்சிப் பானையைக் கவுத்து வெச்சான். ரெண்டுமே பெரிய குலம். எழுதிக்க.”

“வாய அடக்கு!” என்றான் கணக்குப்பிள்ளை. நௌசோனின் ஆள் ஒருவனும் அதே நேரத்தில் அதையேதான் கத்தினான். வாழ்நாளில் முதல்முறையாக இரண்டு கட்சியும் ஒரே வார்த்தை பேசியது அப்போதுதான்.

“ஊரு?” என்று கேட்டான் எழுத்தன். கேலியாகத்தான் ஆரம்பித்தான், ஆனால் குரல் இறங்கிவிட்டது.

“என் வீடு. குளிர் வந்தா இந்த வரிசையில நிக்கிற பாதிப் பேரு வீடு. கேட்டுப் பாரு.”

யாரும் சிரிக்கவில்லை. கணக்குப்பிள்ளை எழுத்தனிடம் குனிந்து, இது செல்லாது, தூக்கிப் போடு என்றான். மிக்கோஸ் நகரவில்லை.

“சலாமிஸ்ல துடுப்புப் போட்டவன் நான். ஏதென்ஸ்காரன். சொந்த ஓடு, சொந்தக் கையெழுத்து. யாரும் குடுத்ததில்ல. இந்த வேலிக்குள்ள சட்டப்படி விழுற மொத ஓடே இதுதான்யா. எம் பொண்ணு பானையிலேருந்து எடுத்தது. கூடையில போடு. போடுற வரைக்கும் இங்கயே நிப்பேன்.”

கித்தோஸின் முகம் வெளுத்துவிட்டது. அந்த ஓடு எது என்று அவனுக்கு அப்போதுதான் புரிந்தது. அறுத்தது அவன் கைதானே. அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

“போடுய்யா! எவ்வளவு நேரம்?” என்று பின்னாலிருந்து ஒரு கரிக்காரன் கத்தினான். வரிசை முழுக்க அதைப் பிடித்துக்கொண்டது. எழுத்தன் வரிசையைப் பார்த்தான், ஓட்டைப் பார்த்தான், கூடையில் போட்டான். கரிக்காரன் மிக்கோஸின் தோளைத் தொட்டு, “அந்த ஆணிய இப்படிக் குடு” என்றான். தன் கையிலிருந்த சிவப்புத் துண்டைத் திருப்பி, பின்பக்கத்தில் கீற ஆரம்பித்தான். எழுத்துத் தெரியாதவன். மிக்கோஸ் கையைப் பிடித்து எழுத வைத்தான். அவனுக்குப் பின்னாலும் சிலர் ஆணி கேட்டார்கள்.

சிலர்தான். ஊரே திரண்டு பசியை விரட்டியது என்று சொன்னால் அது பொய். ஆறாயிரத்துக்கு மேல் சேர்ந்தது, கறுப்பு ஜெயித்தது. ஃபிலாக்ரோஸ் சமையல்காரர்கள், கோவேறு கழுதைகள், படுக்கைகள் சகிதம் பத்தாவது நாள் ஒரு தீவிலிருந்த தன் இன்னொரு பண்ணைக்குப் போய்ச் சேர்ந்தான். கஞ்சி நின்றது. வசந்தத்தில் நௌசோனின் கப்பலில் மிக்கோஸுக்கு இடமில்லை என்றார்கள். துறைமுகம் முழுக்க அலைந்து, தண்ணீர் ஒழுகும் ஒரு கிழட்டுக் கப்பலில் இடம் பிடித்தான். கீழ்த்தட்டுதான். கித்தோஸ் திராட்சை அறுவடை வரைக்கும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒருநாள் வந்து, புதிதாகச் செய்த பிரிமணை ஒன்றை அடுப்படியில் வைத்துவிட்டுப் போனான். தங்கையும் எடுத்துக்கொண்டாள்.

பெரிய மாற்றம் ஒன்றும் இல்லையே என்று தோன்றலாம். ஒரு மாற்றம் இருந்தது. அதுவரை பசி அந்த வீட்டில் தலைவிதியாக இருந்தது. குளிர் மாதிரி வரும், போகும், யார் என்ன செய்ய முடியும் என்று இருந்தார்கள். இப்போது அது ஊரார் ஓடு போட்ட ஆள். உள்ளே வந்தால் அத்துமீறி வந்தவன்.

அடுத்த குளிர்காலத்தில் நௌசோனின் மண்டி மறுபடியும் பூட்டிக்கொண்டது. பார்லி ஜாடியைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தாள் லிசில்லா. வயிற்றில் மறுபடி ஒரு பிள்ளை இருந்தது அவளுக்கு. மிக்கோஸ் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

“வந்துட்டானா?” என்றான்.

“வந்துட்டான். வெக்கங்கெட்டவன். இன்னும் ஒம்பது வருஷம் பாக்கி இருக்குய்யா, எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு உள்ள வர்றான்?” விளக்குமாற்றை எடுத்து வாசல் வரை வெறும் தரையைப் பெருக்கித் தள்ளினாள். பிறகு அதை அவன் காலடியில் போட்டாள். “எந்திரி. அன்னிக்கு உன்கூட ஓடு போட்டவனுங்களைக் கூப்பிடு. அப்பன் வீடு எங்கன்னு தெரியும்ல?”

கரிக்காரன் முதலில் வந்தான். மற்றவர்களும் வந்தார்கள், பெண்டாட்டி பிள்ளைகளோடு, காலிச் சட்டி பானைகளோடு. நௌசோனின் மண்டி இருந்த துறைமுகத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் தெரு அடைத்துவிட்டது. லிசில்லா வயிற்றைத் தாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். இது சபை இல்லை, வேலியும் இல்லை. அவளை யாரும் தடுக்க முடியவில்லை. மிக்கோஸ் மண்டிக் கதவில் முஷ்டியால் குத்தினான்.

“யாரது?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

“உங்க பையனைக் கூட்டிக்கிட்டு வந்திருக்கோம்யா” என்றான் மிக்கோஸ். “நாங்க அனுப்பிட்டோம், போக எடமில்லாம எங்க வீட்டையே சுத்திச் சுத்தி வர்றான். அப்பன் நீங்கதானே? கதவைத் தொறந்து உள்ள சேத்துக்குங்க. இல்லன்னா கோதுமையை வெளிய அனுப்புங்க. ரெண்டுல ஒண்ணு நடக்காம நாங்க போகமாட்டோம்.”

உள்ளே வெகுநேரம் கிசுகிசுப்பு. பிறகு தாழ்ப்பாள் நகர்ந்தது. முதல் படி கோதுமை லிசில்லாவின் பானையில் விழுந்தது.